வேலந்தாவளம் ரோட்டில் ஒரு கேப்டன்

கேள்வி: விமானிகள் ஓய்வு பெற்ற பிறகு எப்படி வாழ்கிறார்கள்? உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?

ஒருவனைத் தெரியும். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவ்ரோ, போயிங் 737, ஏர்பஸ் 320 என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினான். ரிட்டயர் ஆனதும் சென்னை வீட்டை மகளிடம் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டான். போன ஆவணியில் இறந்தான். ஊரில் சின்னவர்களுக்கெல்லாம் அவன் 'பைலட் அண்ணன்'. எனக்கும் அவனுக்கும் கடைசிவரை 'டேய்'தான்.

கேரளம் என்றாலே மழை என்று நினைப்பீர்கள். எங்கள் சித்தூர் தாலூக்காவின் கிழக்குப் பக்கம் மழை மறைவு, கரிசலும் பனையும்தான். எங்களுக்கு வாய்த்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து பாயும். கார்த்திகையில் கிழக்கே இருந்து திருப்பி அடிக்கும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பது அதைத்தான். காலையில் காப்பி குடிக்கும் முன்னே திண்ணையில் நின்று பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பான். "இன்னிக்கு இருபத்திமூணுடா. ஏறற பிளேனெல்லாம் நம்மூர்ப் பக்கம் மூக்க வெச்சுத்தான் ஏறும்" என்பான். கோயமுத்தூர் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 05, மறுமுனைக்கு 23 என்று எண். 23 என்றால் 230 பாகை, தென்மேற்கு. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில்.

அவனிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எதை ஓட்டினாலும் வேகத்தை வாய்விட்டுச் சொல்வான், மொபெட்டாக இருந்தாலும். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் ஓர் ஏர்பஸ் 320 இறங்கும்போது விழுந்து 92 பேர் இறந்தார்கள். எஞ்சின் விசை தணிந்தே இருக்க, வேகம் குறைந்துகொண்டே போனது. கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. இந்தியாவில் அந்த ரக விமானங்களை மாதக்கணக்கில் பறக்கவிடவில்லை. அப்போது ஊருக்கு வந்தவன் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் சும்மா உட்கார்ந்திருப்பான். ஓட்டியவர்கள் தப்பா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "செத்தவன் வந்து பதில் சொல்ல முடியாதுடா. நான் பேசமாட்டேன்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. வேகத்தைச் சத்தமாகச் சொல்வது அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஒரு ராத்திரி ஒரு மணிக்கு என் மனைவிக்கு நெஞ்சுவலி. அவனைத்தான் கூப்பிட்டேன். காரோடு வந்தான். அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். அந்த அவசரத்திலும் டார்ச் அடித்து நாலு டயரையும் சுற்றிவந்து பார்த்தான். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கோயமுத்தூர் போகும் வேலந்தாவளம் ரோட்டில் ஏறியதும், "கையக் கட்டிட்டு உக்காராத. கிலோமீட்டர் கல்லு ஒவ்வொண்ணையும் படிச்சுச் சொல்லு" என்றான். நான் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் "செக்" என்றான். "எழுபது... எழுபத்தஞ்சு... செக்போஸ்ட் வருது, குறைக்கிறேன்... நாப்பது." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பத்துக் கல் படிப்பதற்குள் என் கை நடுக்கம் நின்றுவிட்டது. அவன் அந்தக் கற்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோடு அவனுக்கு மனப்பாடம்; எனக்கொரு வேலை கொடுக்கத்தான் படிக்கச் சொல்லியிருக்கிறான் என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் உறைத்தது. மனைவி பிழைத்தாள். அவன் போன அன்றைக்கு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள் அவள்தான்.

அவனுக்கு நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் நான் கூடவே இருந்தேன். கட்டிலுக்கு மேலே எண்கள் ஓடும் திரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் மாஸ்க், கண்ணாடி போட முடியவில்லை. கையசைத்து, "நீ படி" என்றான்.

"ஆக்சிஜன் எண்பத்தெட்டு" என்றேன்.

"செக்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்து, "எண்பத்தாறுடா" என்றேன். கண்ணை மூடியபடியே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.