ஒரு இலையைக்கூடக் கிள்ளாதவர்

அன்புள்ள ஐயா,

லாஸ்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பால்கனியில் ஒரு பாஸ்கெட் கிராஸ் தொட்டி தொங்குகிறது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கோடு போட்ட இலைகள், அவ்வளவு அழகு. ஒரு வருடமாகக் குழந்தை மாதிரி வளர்க்கிறேன், ஒரு இலையைக்கூடக் கிள்ளியதில்லை. இப்போது கொடி நீளமாகத் தொங்குகிறது, ஆனால் தொட்டியின் நடுவில் வெறும் குச்சிதான். இலை நுனியும் பழுப்பாகிறது. என்ன உரம் போடலாம்? எந்தத் திசையில் மாட்டுவது நல்லது? வீட்டில் புல் வளர்த்தால் ஆகாது என்கிறார் மாமியார்.

வாசகி, புதுச்சேரி

அன்புள்ள அம்மா,

திசையை விடுங்கள். மதிய வெயில் நேராக விழாத, வெளிச்சம் உள்ள இடம் எதுவானாலும் சரி. இது நிழல் புல். இதன் உறவுக்காரப் புற்கள் நம் பக்கத்துத் தோப்புகளில் மர நிழலில் தானாகவே படரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் மரங்களைச் சாய்த்தபோது, எங்கள் கொல்லையில் பலாவின் கீழ் இருந்த புல் அடுத்த கோடையில் வெந்தே போனது. உரம் கொஞ்சம் மண்புழு உரம் போதும். நுனி பழுப்புக்கு உங்கள் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கடலோர ஊரில் அதில் உப்பு இருக்கும். புல் இலையில் நுனிதான் வயதான பகுதி, முதலில் அதுதான் கருகும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், மண்ணைக் காயவிடாதீர்கள்.

“ஒரு இலையைக்கூடக் கிள்ளியதில்லை.” இந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். போன வாரம் எதிர்வீட்டு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். அது வளராது, வெட்டவும் வேண்டாம். அதைப் பார்த்ததிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கோபம் உங்கள் மேல் திரும்பிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் வைத்திருப்பதைப் பாசம் என்று யார் சொன்னது?

நான் சிறுவனாக இருந்தபோது கெடிலக் கரையில் புல் அறுத்து, கட்டாகக் கட்டி, மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு விற்கும் ஒரு ஆயா இருந்தார். இடது கையால் ஒரு பிடி சேர்த்து, கருக்கரிவாளைத் தரையோடு ஒட்டாமல் இரண்டு விரல்கடை மேலே வைத்து ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம் வரும். நாங்கள் விளையாட்டாக வேரோடு பிடுங்கினால் அரிவாளை ஓங்கிக்கொண்டு வருவார். “அறுத்தா வரும்டா, புடுங்கினா வருமா?” மழைக்காலத்தில் அவர் அறுத்த இடத்துக்கே திரும்ப வருவார், புல் முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். எந்தப் புத்தகமும் அதை எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

மாடு மேய்ந்து மேய்ந்து பழகிய இனம் புல். மேலே போனாலும் கீழே இருக்கும் மொட்டு எழுந்துகொள்ளும். உங்கள் கொடியில் நுனி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நறுக்கினால்தான் கணுவில் தூங்கும் மொட்டு பக்கவாட்டில் கிளைக்கும். நறுக்காவிட்டால் அடி இலை ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிர்ந்து, நீங்கள் சொன்ன குச்சிதான் மிஞ்சும்.

இன்றைக்கே கத்தரிக்கோலை எடுங்கள். ஒவ்வொரு கொடியிலும் அடியில் பச்சையாக உள்ள இரண்டு மூன்று கணுவை விட்டு மேலே நறுக்குங்கள். கோடே இல்லாமல் முழுப்பச்சையாக வரும் தளிர் இருந்தால் இரக்கம் பார்க்காமல் அடியோடு எடுத்துவிடுங்கள், அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். நறுக்கிய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கணுவாவது ஈர மண்ணுக்குள் இருந்தால் சீக்கிரமே வேர் விடும். ஐந்தாறு துண்டை அதே தொட்டியின் நடுவில் செருகுங்கள், வழுக்கை மூடிவிடும்.

அப்புறம் மாமியார். பிள்ளையாருக்கு அறுகம்புல் சாத்துகிறவர்தானே? மிச்சத் துண்டுகளை ஒரு தனித் தொட்டியில் வைத்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலையும் சேர்த்து. உங்களைவிட நன்றாக வெட்டுவார் என்று நினைக்கிறேன்.