தொப்பையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

கே: 92 கிலோ இருக்கிறேன். ஹைஃபு செய்தால் எத்தனை கிலோ குறையும்?

ஒரு கிலோகூட எதிர்பார்க்காதீர்கள். ஹைஃபு என்பது குவிந்த ஒலி அலையால் (அல்ட்ராசவுண்ட்) தோலுக்கடியில் உள்ள கொழுப்பைச் சாகடிப்பது, எடைக்கான சிகிச்சை அல்ல. இடுப்புச் சுற்றில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையலாம், அதுவும் 2, 3 மாதம் கழித்து. உயரத்தை எழுதாமல் எடையை மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30ஐத் தாண்டியிருந்தால் முதலில் சாப்பாட்டைக் கவனியுங்கள்.

கே: கரைந்த கொழுப்பு ஈரலில் படியுமா?

அலைகள் தோலுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் குவிகின்றன. அந்த இடத்தில் மட்டும் சூடு 55 டிகிரியைத் தாண்டுவதால் கொழுப்புச் செல்கள் சாகின்றன. அவற்றை உடம்பே வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிவிடும். சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் ரத்தக் கொழுப்போ ஈரல் அளவுகளோ குறிப்பிடும்படி ஏறவில்லை.

கே: கை கால் மெலிவு, தொப்பை மட்டும் கல் மாதிரி இருக்கிறது. எனக்குச் சரிவருமா?

வராது. நின்றபடி தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். ஓர் அங்குலம்கூடச் சிக்கவில்லை என்றால் உங்கள் கொழுப்பு வயிற்றுத் தசைக்குப் பின்னால், குடலைச் சுற்றி இருக்கிறது. இந்தக் கருவிக்கு அங்கே வேலையில்லை. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கே: பார்லரில் 10 சிட்டிங் கேவிட்டேஷன் பேக்கேஜ் சொல்கிறார்கள். அதுவும் ஹைஃபுவும் ஒன்றுதானே?

ஒன்றே அல்ல. எத்தனை முறைதான் எழுதுவது! கேவிட்டேஷன் என்று சொல்லும் பார்லர் மெஷின்களில் பெரும்பாலானவை 40 கிலோஹெர்ட்ஸ், குவியாத ஒலி அலை. அமெரிக்காவில் மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2011இல் அனுமதித்த லிப்போசானிக்ஸ் என்ற ஹைஃபு கருவி 2 மெகாஹெர்ட்ஸ், ஒரே ஆழத்தில் குவிவது. 2014இல் அனுமதி பெற்ற அல்ட்ராஷேப் சூடு இல்லாமல் அதிர்வால் செல்லை உடைப்பது, ஆனால் அதுவும் குவிந்த அலைதான். எல்லாவற்றையும் ‘அல்ட்ராசவுண்ட்’ என்று ஒரே பெயரில் விற்கிறார்கள்.

சிட்டிங் முடிந்த கையோடு டேப்பை இறுக்கிப் பிடித்து ‘2 அங்குலம் போச்சு’ என்பார்கள். அன்றைக்கே எதுவும் குறையாது. இரண்டு பிள்ளை பெற்ற ஒரு பெண் பேக்கேஜ் முழுக்க முடித்துவிட்டு, தொப்புள் மேட்டைக் காட்டி ‘இது மட்டும் போகலை டாக்டர்’ என்று வந்தார். படுக்கவைத்து இருமச் சொன்னேன். மேடு என் விரலை முட்டித் தள்ளியது. ஹெர்னியா, அதாவது குடலிறக்கம்! பத்து சிட்டிங்கிலும் ஒருவர்கூட அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. வயிற்றைப் பரிசோதிக்காமல் பில் போடும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கே: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். செய்யலாமா?

வேண்டாம். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இதே பதில்தான்.

கே: வலிக்குமா?

சூடேற்றும் வகை வலிக்கும். ரத்தம் கட்டுவதும் வீக்கமும் ஓரிரு வாரம் இருக்கலாம்.

கே: தாடைச் சதைக்கும் இதே மெஷினா?

இல்லை. முகத்துக்கான முனைகள் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கானவை. வயிற்று முனையை முகத்தில் வைக்க விடாதீர்கள்.

கே: கொழுப்பு திரும்பி வருமா?

செத்த செல் வராது. மிச்சமிருக்கும் செல்கள் பருத்துப் பெரிதாகும். எடை ஏறினால் இடுப்பும் ஏறும். அடுத்த முறை எழுதும்போது உயரம், எடை, கிள்ளிய அளவு மூன்றையும் எழுதுங்கள்.