11,000 கி.மீ. மட்டுமே ஓடிய பழைய பென்ட்லி: வாங்கலாமா?

கேள்வி: கோவையில் சிறு தொழில் நடத்துகிறேன். டெல்லிப் பதிவெண் கொண்ட 2012 மாடல் பென்ட்லி கான்டினென்டல் ஃப்ளையிங் ஸ்பர் (6 லிட்டர் டபிள்யூ12 பெட்ரோல்) விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், ஓடியது 11,000 கி.மீ. மட்டும். புது ஃபார்ச்சூனர் வாங்கும் காசுக்குக் கிடைக்கிறது. துணிந்து வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்கலாம். ஆனால் 11,000 கி.மீ. என்ற எண்ணுக்காக வாங்காதீர்கள். ஆண்டுக்கு ஆயிரம் கி.மீ.கூட ஓடாத கார் என்றால், பெரும்பாலான நாட்கள் அது நின்றே கிடந்திருக்கிறது. இந்தக் கார் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். ஒழுங்காக சர்வீஸ் செய்யப்பட்டு 50,000 கி.மீ. ஓடிய கார் பக்கத்திலேயே கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கம் போகலாம்.

ஆசைப்பட்டதில் தவறில்லை. 12 சிலிண்டர், இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல் இழுவிசை). இரண்டரை டன் எடையுள்ள காரை ஐந்து விநாடி சொச்சத்தில் 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய்விடும், உச்ச வேகம் 312 கி.மீ. டார்க் முழுவதும் எஞ்சினின் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுவதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் இருப்பதே தெரியாது. உள்ளே கைக்குச் சில்லென்று படும் உலோகக் குமிழ்கள். அவற்றை இழுத்தால் ஏசி காற்று திறக்கும். நிஜ மரப்பலகை, நிஜத் தோல். இந்தத் தரத்தில் இன்று புதிதாக வாங்கக் கோடிகள் வேண்டும். பழைய காரின் விலை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. உதிரிபாகங்களின் விலை மட்டும் புது பென்ட்லியின் விலைதான். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

முதலில் ஏர் சஸ்பென்ஷன். நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. கார் மாதக்கணக்கில் தாழ்ந்து நின்றால் அந்த ரப்பர் மடிப்பிலேயே விரிசல் விடும். சோதிக்க ஒரு டேப் போதும். மாலையில் எஞ்சினை அணைத்தபின், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, யாரும் சாவியைத் தொடுவதற்கு முன் மீண்டும் அளங்கள். ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பை கசிகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் போவதற்கு அரை மணி நேரம் முன்பே விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டால் கார் நிமிர்ந்து நின்றுவிடும், எதுவும் தெரியாது. ஆகவே இரண்டு நாள் ஒதுக்கிப் போங்கள். பை கசிந்தால், அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறிக் கருகும். சில ஒர்க்‌ஷாப்புகள் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி அனுப்பிவிடும்; ஆறு மாதத்தில் புதியதும் போய்விடும். கசியும் பையை ஜோடியாக மாற்றி, கம்ப்ரஸரோடு அதன் ரிலேயையும் (மின் சுவிட்ச்) மாற்றுவதுதான் முறை.

அடுத்தது எஞ்சின். காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்கள்தான் செய்ய வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளம்பிவிடுங்கள். ஓரிரு விநாடிச் செயின் சத்தம் பரவாயில்லை, நீடித்தால் கவலைக்குரியது. பிறகு ஏசியைப் போட்டு நகர நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தியதும் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். இனிப்பு வாசனையோ, குழாய் இணைப்புகளில் காய்ந்து படிந்த இளஞ்சிவப்புப் பொடியோ இருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று அர்த்தம்.

சாதாரணக் காரில் கூலன்ட் கசிவு பெரிய விஷயமே இல்லை. இங்கே அப்படியல்ல. குறுகலான இரண்டு வி6 எஞ்சின்களை 72 டிகிரியில் ஒட்டவைத்ததுபோல் அமைந்தது இந்த டபிள்யூ12. பானெட்டுக்குள் விரல் நுழைய இடமில்லை. டர்போ, பின்பக்கத்துக் கூலன்ட் குழாய், சின்னச் சின்ன வேக்கம் ஹோஸ் எதைத் தொட வேண்டுமானாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழ்வழியாக இறக்கியாக வேண்டும். சில நூறு ரூபாய் ஹோஸுக்குப் பல லட்ச ரூபாய்க் கூலி வருவது இப்படித்தான். ஏற்கெனவே எஞ்சினை இறக்கி, எல்லா ஹோஸ்களையும் எஞ்சின் மவுண்டுகளையும் டர்போ ஆயில் குழாய்களையும் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக், உறுதியானது. இதற்கு ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். தயாரித்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. உங்கள் கார் கிலோமீட்டரில் தேறிவிட்டது, வயதில் தேறவில்லை. ஃபில்டர் ஆயில் பேனோடு சேர்ந்தே வரும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

டிக்கியில் இரண்டு பேட்டரி: ஒன்று ஸ்டார்ட் செய்ய, இன்னொன்று மற்ற மின்சாதனங்களுக்கு. இரண்டாவது பலவீனமானால் டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். விற்பவர் அதைக் காட்டி “எல்லாம் பேட்டரி பிரச்சினைதான் சார்” என்பார். பாதி நேரம் உண்மை, பாதி நேரம் சாக்கு. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களைப் படிக்கும் ஸ்கேனரோடு ஒருவரை அழைத்துப் போய், ஓட்டும் முன் ஒருமுறையும் 30 கி.மீ. ஓட்டியபின் ஒருமுறையும் எல்லா மாட்யூல்களையும் (காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) படிக்கச் சொல்லுங்கள். புகை அளவைக் கார் தானே பார்த்துக்கொள்ளும் எமிஷன் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று முதல் ஸ்கேன் காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ கோளாறுப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள். அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்தால் மழைநீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். அங்கே எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கின்றன. முன் சீட்டு கார்ப்பெட்டை முழங்கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் படக்கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த நாடாவைக் கழுவ யாருக்கும் தோன்றாது.

11,000 உண்மைதானா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2212 என்றால் 2012-ன் 22-வது வாரம் தயாரானது. டயர் அந்தக் காலத்தியதே என்றால் கணக்கு பொருந்துகிறது, ஆனால் ஐந்தையும் குப்பையில் போட வேண்டும். டயர் இரண்டு முறை மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முன் பிரேக் டிஸ்க் 405 மி.மீ. விட்டம், விளிம்பை நகத்தால் தடவினால் தெளிவாக ஒரு வரப்பு தட்டுப்பட்டால் 11,000 என்பது பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். சேஸிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

காகித விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெல்லியில் பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு என்ற வரம்பு நீதிமன்றங்களில் இழுபட்டுக்கொண்டே இருப்பதால், வயதான கார்களைத் தெற்கே தள்ளிவிடும் அவசரம் அங்கே உண்டு. உங்களுக்கு அது விலையில் சாதகம். டெல்லி ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35, கோவையில் புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27. தமிழ்நாட்டில் ஆயுள் வரி நீங்கள் கொடுக்கும் விலையை வைத்துப் போடப்படுவதில்லை. காரின் அசல் விலையையும் வயதையும் வைத்துப் போடப்படும். கோடிகளில் விற்ற கார் இது, ஆகவே வரி பல லட்சம் வரும். முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓவில் தோராயத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவின் 15 ஆண்டு 2027-ல் முடிகிறது. இறக்குமதிக் காருக்கு அப்போது புதுப்பித்தல் கட்டணமே 40,000 ரூபாய். சுங்க வரி கட்டிய ஆவணத்தையும் கேளுங்கள். பூட்டான் வழியாகக் கள்ளத்தனமாக வந்த சொகுசுக் கார்களைத் தேடிக் கேரளத்தில் சுங்கத்துறை 2025 செப்டம்பரில் சோதனை நடத்தியது. அந்த ஆவணம் இல்லாத காரைத் தொடாதீர்கள்.

செலவுக் கணக்கு: ஊருக்குள் லிட்டருக்கு மூன்று, நான்கு கி.மீ.; நெடுஞ்சாலையில் ஏழெட்டு. டேங்க் 90 லிட்டர். இந்த எஞ்சினுக்கு 98 ஆக்டேன் நல்லது, 95-க்குக் கீழே போகவே கூடாது. 20 சதவீத எத்தனால் கலந்த சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்த காரல்ல. ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்தினால் எரிபொருள் செல்லும் வழியில் உள்ள ரப்பர் பாகங்கள் பாடுபடும். முதல் ஆண்டுப் பராமரிப்புக்குக் கார் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் இந்த காரை விட்டுவிடுங்கள். நீளம் 5.3 மீட்டர், ஐந்து மீட்டர் பார்க்கிங் கட்டத்தில் மூக்கு வெளியே நீட்டும். வீட்டில் அளந்து பாருங்கள்.

கொஞ்சம் பொறுக்க முடிந்தால், 2014-க்குப் பிந்தைய வி8 ஃப்ளையிங் ஸ்பர்தான் எங்கள் தேர்வு. 507 குதிரைத்திறன், எட்டு கியர், எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம். அதிலும் டர்போவுக்கு ஆயில் போகும் சல்லடை கரி படிந்து அடைத்து டர்போவையே தின்றுவிடும். அது மாற்றப்பட்டதா என்று பில்லில் பார்க்க வேண்டும்.

இந்தக் காரையே எடுப்பதானால், என்ஓசி வராவிட்டாலோ ஸ்கேனில் பெரிய கோளாறு தெரிந்தாலோ முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய டயரோடு டெல்லியிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். மூடிய கார் கேரியரில் ஏற்றுங்கள், போக்குவரத்து இன்ஷூரன்ஸோடு.