ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ்: மங்கலான படங்களுக்குத் தீர்வு

வணக்கம். சென்ற முறை நியூ ஆர்லியன்ஸில் எடுத்த படங்கள் மங்கியும், பால்கனிகள் வெறும் கரிய நிழலாகவும் விழுந்துவிட்டதாகவும், இப்போது ஜூலையில் இரண்டு நாள் மட்டும் செல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கேமராவின் பழுதாக இராது. ஏசி அறையிலிருந்து அவ்வூரின் ஈரக் காற்றுக்குள் வந்தவுடன் குளிர்ந்த லென்ஸின்மீது நீர் படிந்துவிடுகிறது. அறையிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே வந்தபின் அது வெதுவெதுப்பாகும்வரை பையைத் திறக்காமல் இருங்கள். துடைக்கத் துடைக்க மீண்டும் படியுமே தவிரப் பயனில்லை.

புனித லூயிஸ் பேராலயத்தின் முகப்பு மிசிசிப்பி ஆற்றை நோக்கியிருப்பதால் காலை வெயில் அதன்மீது நன்றாக விழும்; டெக்கேட்டர் தெருவைக் கடந்து எதிரிலுள்ள உயர்ந்த மேடையில் நின்றால் ஜாக்சன் சதுக்கத்தோடு சேர்த்தே எடுக்கலாம். ராயல் தெருவின் இரும்புப் பால்கனிகளை உச்சிவெயிலில் எடுக்காமல், பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு, வானில் நீலம் எஞ்சியிருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இரவு இசைக்கு, போர்பன் தெருவின் கூச்சலைவிட ஃப்ரெஞ்ச்மென் தெருவையே நான் பரிந்துரைப்பேன். தெருவில் வாசிப்பவர்களைப் படமெடுத்தால் அவர்களுடைய வாளியில் ஓரிரு டாலர் போடுவதுதான் மரியாதை. ஜாஸ் இசை அரங்கான பிரிசர்வேஷன் ஹாலில் நிகழ்ச்சியின்போது படமெடுக்க விடமாட்டார்கள். ‘புனித லூயிஸ் எண் 1’ என்ற பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் 2015 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும் என்பதால் அதற்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.