'சயான்' என்று சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது

வணக்கம் மேடம். எனக்கு 23 வயது. பி.காம். முடித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி.யும் படித்திருக்கிறேன். மும்பை தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ளே வீடு. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே இட்லி ஊற்ற ஆரம்பித்துவிடுவார். அப்பா ஆறு மணிக்கு சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அவருடைய பாக்கி நோட்டை எழுதுவது நான்தான்.

ஆறு மாதத்தில் நான்கு இன்டர்வியூ போய்விட்டேன். கடைசியாகப் போனது அந்தேரியில். "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார்கள். பக்கத்து ஏரியாவின் பெயரை, 'சயான்' என்றேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன். காலேஜில் தாராவி என்றதும் ஒருத்தி மூக்கைச் சுளித்தது இன்னும் மறக்கவில்லை. "சயானில் எங்கே?" என்றார்கள். அவ்வளவுதான், உள்ளங்கை ஜில்லிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம், வாங்கிய பொருளுக்கான வரி விவரங்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர். 2ஏ, 2பி என்ற இரண்டு அறிக்கைகளுக்கும் என்ன வித்தியாசம் என்றார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அந்தேரி பிளாட்பாரத்தில் நின்றபோது பதில் வரி வரியாக ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) இன்னொரு இன்டர்வியூ. ப்ராப்ரனோலால் மாத்திரை போட்டால் படபடப்பே வராது, நான் தருகிறேன் என்கிறாள் தோழி. மழைக்காலத்தில் எனக்கு வீசிங் வரும். போடலாமா?

– ஒரு வாசகி, தாராவி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாத்திரை. போடவே போடாதீர்கள். ப்ராப்ரனோலால் நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் வீசிங் உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து அது, தோழியின் கைப்பையிலிருந்து வரக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2ஏ, 2பி கேள்வியில் நீங்கள் தடுமாறவில்லை. அதற்கு முன்னாலேயே, 'சயான்' என்ற இடத்தில் தடுமாறிவிட்டீர்கள். ஒரு நேரத்தில் நம் மனம் சில விஷயங்களை மட்டுமே கையில் பிடித்திருக்கும். அதில் பாதி, சொன்ன பொய்க்கு வாட்ச்மேன் வேலை பார்க்கப் போய்விட்டது. 'அடுத்து என்ன கேட்பார்களோ, எந்தத் தெருவைச் சொல்வது' என்று அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஜி.எஸ்.டி.க்கு எங்கே இடம்? (14ஆம் தேதி தயாராகும் 2பி தானாக மாறாமல் உறைந்து நிற்கும், 2ஏ மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் அன்றைக்கு 2பி ஆகிவிட்டீர்கள்!)

தாராவி என்றதும் முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று உங்களிடம் கதை விட மாட்டேன். ஆனால் வேலையில் சேரும் அன்று ஆதாரைக் கேட்பார்கள். அதில் தாராவியின் பின்கோடு 400017 என்றுதான் இருக்கும். எத்தனை நாள் காவல் காப்பீர்கள்? அதோடு பி.கே.சி. எங்கே இருக்கிறது, யோசித்தீர்களா? மித்தி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் லோக்கலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு நடுவே, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் இரவு எட்டு மணி வரை பதறாமல் உட்காரக்கூடிய கணக்காளர் நீங்கள். அந்த முகவரி அங்கே உங்களுக்குச் சாதகம்தான்.

இன்று ராத்திரி அந்தத் தோழியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அவள் இந்த உதவியைச் செய்யட்டும். "எங்கே இருக்கீங்க? தாராவியில் எங்கே? அப்பா என்ன பண்றார்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "தாராவி. வீட்டில் இட்லி வியாபாரம். பாக்கிக் கணக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். இந்தியில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். முதல் இரண்டு தடவை தொண்டை அடைக்கும். பத்தாவது தடவை இரண்டு பேருக்கும் அலுத்துவிடும். அந்த அலுப்பு வரும்வரை விடாதீர்கள். பாக்கி நோட்டைப் பற்றிக் கடிதத்தில் ஏதோ போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். யார் எத்தனை நாள் கடன் வைக்கிறார்கள், அரிசி உளுந்து விலை ஏறினால் எதில் பிடிப்பது என்று தெரிந்த பெண்ணை எந்த அக்கவுன்ட்ஸ் மேனேஜரும் இரண்டாவது கேள்வி கேட்காமல் விட மாட்டார்.

இதற்கு மேலும் கொஞ்சம் படபடப்பு இருக்கும், இருக்கட்டும். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தபோது, கஷ்டமான பாடத்தை எலிகள் வேகமாகக் கற்றது மிதமான மின் அதிர்ச்சி கொடுத்தபோதுதான். கை ஜில்லென்று ஆனால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தானாகவே குறையும். பதில் வரவில்லையா, "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே யோசியுங்கள். உங்களுக்கு நீளமாகத் தெரியும் அந்த அமைதி எதிரே இருப்பவருக்கு ஐந்து விநாடிதான்.

வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். பசியிலும் கை நடுங்கும், அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வீர்கள். உங்கள் வீட்டில் இட்லிக்கா பஞ்சம்!