ரிமோட் டிரக் தரையில் சரியாகத் திரும்பவில்லை, சர்வோவை மாற்றினால் சரியாகுமா?

"தூக்கிப் பிடித்தால் சக்கரம் முழுதாகத் திரும்புகிறது, தரையில் விட்டால் பாதிதான் திரும்புகிறது, நேராகவும் போவதில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. காற்றில் ஒழுங்காகத் திரும்புகிறது என்றால் சர்வோ, அதாவது முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார், உயிரோடுதான் இருக்கிறது. அதன் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கடைக்கு ஓடாதீர்கள். முதலில் நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

எனக்கு பெங்களூரு பீன்யாவில் மெஷின் ஷாப்பில் ஃபிட்டர் வேலை. என் பையனின் டிரக்கிலும் இதே தொல்லைதான். பெட்டியோடு ரெடியாக வருகிற ரகம், 1:12 அளவு. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்கு இரண்டு பேரும் எடுத்துப் போனோம். கடைக்காரர் வண்டியைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இது பொம்மை சார், ரிப்பேர் எல்லாம் ஆகாது, புதுசு எடுத்துக்குங்க" என்றார். பையன் வண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். "ஏம்ப்பா, நிஜமாவே ஆகாதா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. தினமும் மெஷினில் பிளே (பாகங்களுக்கு நடுவில் இருக்கும் ஆட்டம்) எடுக்கிற எனக்கே ஆகாது என்று சொன்னால் எப்படி?

அன்று ராத்திரியே கழற்றினேன். முன் சக்கரம் இரண்டையும் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவனை ரிமோட்டைத் திருப்பச் சொன்னேன். சர்வோவின் அச்சு முழுதாகச் சுற்றுகிறது. அதன் மேல் மாட்டியிருக்கும் சர்வோ சேவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதிலிருந்து சக்கரத்தின் பக்கம் போகும் கம்பியான லிங்க் அசையவே இல்லை. சக்கரம் கல்லில் மோதினால் அதிர்ச்சி சர்வோவின் பல்லுக்குப் போகாமல் தாங்குவதற்குத்தான் அந்தச் சேவரில் ஸ்பிரிங் வைக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் தரையின் பிடிக்கே இளகிவிடும். ஒரு சின்ன கேபிள் டையைச் சேவரைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். அசையவே முடியாதபடி இறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த மோதலில் பல் உடையும். பெரிய டிரக்குகளில் ஸ்பிரிங்கை இறுக்க மரையோடு ஒரு வளையமே இருக்கும், அதைக் கொஞ்சம் திருகினால் போதும்.

அடுத்தது பிளே. நேராகப் போகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வண்டியை ஆன் செய்து வைத்துவிட்டு சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். எங்கள் வண்டியில் பெல்கிராங்க், அதாவது சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் சின்ன நெம்புகோல், தூணில் சுற்றுகிற ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது. கூல் டிரிங்க்ஸ் கேனில் இருந்து மெல்லிய பட்டை வெட்டி, தூணைச் சுற்றி ஷிம்மாக (இடைவெளியை நிரப்பும் தகடாக) போட்டேன். அந்தத் தகடு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தடிமன்தான், இந்த மாதிரி இடத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். முனையை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கை அரிக்கும். ஆட்டம் போயே போய்விட்டது.

அப்புறம் நடு நிலை. ரிமோட்டில் நேர் நிலையைச் சின்னதாகத் திருத்தும் டிரிம் குமிழை நடுவில் வைத்து, வண்டியை ஆன் செய்து, ஹார்னை (சர்வோ அச்சில் மாட்டியிருக்கும் கையை) கழற்றி லிங்குக்குச் செங்குத்தாக மறுபடி மாட்டுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு டிரிம்மிலேயே சமாளித்தால், ஒரு பக்கம் திருப்பம் குறையும்.

"ஷிம், கேபிள் டை எல்லாம் ஒட்டு வேலை, பேரிங் போட்டு அலுமினியம் பெல்கிராங்க் மாட்டுவதுதான் முறை" என்று சிலர் கீழே வந்து சொல்வார்கள். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் பிள்ளை விளையாடும் வண்டிக்குக் கேட்டிருக்கிறார். வண்டி விலைக்குச் சமமாகப் பாகம் வாங்கச் சொல்வது என்ன நியாயம்?

சரிசெய்த வண்டியை ஓட்டத்தான் இடமில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் பேஸ்மென்டில் ரிமோட் வண்டி ஓட்டக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே பேஸ்மென்டில் பெரியவர்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு வளைவில் திரும்புவதை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் ஃபோனையே நோண்டுகிறார்கள் என்று மீட்டிங்கில் வருத்தப்படுவதும் இதே ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பீன்யாவில் ஷெட்டுகள் மூடியிருக்கும். நாங்கள் அங்கே மண் தரைக்குப் போய்விடுகிறோம்.

இவ்வளவு செய்தும் திருப்பம் வலுவில்லை என்றால் மட்டும் சர்வோ வாங்குங்கள். வாங்கும் முன் பழைய சர்வோவில் எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். 5 ஒயர் என்றால் அதை இயக்கும் சர்க்யூட், வண்டிக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் போர்டிலேயே இருக்கிறது. சாதாரண 3 ஒயர் சர்வோவை அதில் செருக முடியாது, ரிசீவரையும் மாற்ற வேண்டி வரும். 3 ஒயர் என்றால் வேலை சுலபம். கடைகளில் எடுத்து நீட்டும் எம்ஜி996ஆர் என்ற சர்வோவில், 6 வோல்ட்டில் சுமார் 11 கிலோ-செ.மீ. இழுவை என்று போட்டிருக்கும். ஆனால் அது 40 மி.மீ. நீளம், 55 கிராம் எடை. சின்ன டிரக்கின் கூட்டில் உட்காராது, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். மாட்டிய பிறகு சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைக்கும்போது சர்வோ 'ங்ங்' என்று முனகினால், ரிமோட்டில் ஸ்டியரிங் அளவைக் குறைக்கும் குமிழை முனகல் நிற்கும்வரை குறையுங்கள். அப்படியே விட்டால் சூடேறி எரிந்துவிடும்.