கண்காட்சி நன்கொடைக்கு 18ஏ ரசீது தரலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்க மண்டபத்தை ஒட்டி ஒரு சின்னக் கலைக்கூடம் நடத்துகிறோம். பழைய கோயில் புகைப்படங்கள், குடும்பங்கள் கொடுத்த தஞ்சாவூர் ஓவியங்கள், உள்ளூர் ஓவியர்களின் படைப்புகள் இருக்கின்றன. செப்டம்பர் 24, பாரம்பரிய நாளன்று பெரிய கண்காட்சி வைத்து, விருந்தும் ஏலமும் நடத்தி, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்க நினைக்கிறோம். நன்கொடை தருகிறவர்கள், அதைத் தங்கள் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ள 18ஏ ரசீது கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ரசீதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் திட்டத்தின் வரிசையையே அது மாற்றிவிடும்.

வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் உள்ள பணிகளைச் செய்கிறவர்கள் வரித்துறையான சார்ஸிடம் பொதுநல அமைப்பாக ஒப்புதல் வாங்கி, தங்கள் வருமானத்துக்கு விலக்குப் பெறலாம். கலை, பண்பாடு, அருங்காட்சியகம், கலைக்கூடம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் நன்கொடையாளருக்கு 18ஏ ரசீது தர வேண்டுமென்றால், அந்தப் பணி இரண்டாம் பகுதியிலும் இருக்க வேண்டும். அங்கே சமூகநலம், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல், வீட்டுவசதி ஆகியவை இருக்கின்றன. பண்பாடு என்ற தலைப்பே இல்லை. ஆகவே கண்காட்சிக்கென்று வாங்கிய பணத்துக்கு 18ஏ ரசீது தரக்கூடாது.

வகுப்பு விஷயம் வேறு. வசதியற்ற பிள்ளைகளுக்கான கல்வி வளர்ச்சித் திட்டம், வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்க உதவும் பயிற்சி போன்றவை இரண்டாம் பகுதியின் கல்வித் தலைப்பில் வருகின்றன. உங்கள் வகுப்பை அப்படி அமைத்து, அதற்கென்று 18ஏ ஒப்புதல் கேட்டு வாங்குங்கள். கிடைத்த பிறகு, ரசீது கொடுத்து வாங்கிய ஒவ்வொரு ராண்டும் அந்த வகுப்புக்கே செலவாக வேண்டும். அதற்குத் தணிக்கைச் சான்றும் வேண்டும். வகுப்புக்கு ஒரு கணக்கு, கலைக்கூடத்துக்கு ஒரு கணக்கு என்று முதல் நாளே பிரித்துவிடுவது நல்லது. நன்கொடையாளர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும்.

விருந்துச் சீட்டு வாங்கியவருக்கும் ஏலத்தில் படம் எடுத்தவருக்கும் இந்த ரசீது கிடையாது. அவர்கள் கொடுத்த பணத்துக்குப் பதிலாக ஒன்று பெற்றுக்கொண்டார்கள், அது நன்கொடை ஆகாது. இதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.

எனவே என் ஆலோசனை: வகுப்பை முதலில் தொடங்குங்கள். வரிக் காரணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1962இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற ஊருக்கு வந்த லூத்தரன் திருச்சபையின் கலை, கைவினை மையத்தைப் பாருங்கள். நெசவும் பயிற்சியும்தான் அதன் அடித்தளம். சுவரில் மாட்டும் நெசவுச் சித்திரங்களை விற்ற பணம் ஓவியப் பள்ளியைத் தாங்கியது. அசரியா எம்பாத்தா, ஜான் முவாஃபங்கேயோ போன்ற அச்சோவியக் கலைஞர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். அவர்கள் படைப்புகளை இன்று பெரிய அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன.

உங்கள் வகுப்பு பள்ளித் தவணையை ஒட்டி, சனிக்கிழமை காலையில் இருக்கட்டும். ஆனால் தமிழ் வகுப்பும் பரதநாட்டியமும் நடக்கும் நேரத்தில் வேண்டாம். அதே பிள்ளைகளைத்தான் எல்லாரும் கூப்பிடுகிறோம். முடிந்தவர்கள் கட்டணம் கட்டட்டும், முடியாதவர்களுக்கு இலவசம். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுங்கள். தொண்டர்களை மட்டும் நம்பிய வகுப்பு இரண்டாம் தவணையிலேயே தள்ளாடும். என்ன சொல்லித்தருவது? கோலம், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகளை மவுண்ட் எட்ஜ்கோம்ப், கேட்டோ மேனர் பக்கத்துப் பழைய கோயில்களுக்கு அழைத்துப்போய், சுதைச் சிற்பங்களைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். கொத்தனார் ராமசாமி பிள்ளை, கிஸ்தப்பா ரெட்டி போன்றவர்கள் இந்த மண்ணில் கோயில் கட்டிய கைகள். அந்தக் கைவேலையை நம் பிள்ளைகள் கண்ணால் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகளோடு வேலை செய்யும் எல்லாரையும், தொண்டர்கள் உட்பட, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியலான தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் சரிபார்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளைகளின் படங்களை வெளியிடப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அப்புறம் கண்காட்சி. பிள்ளைகள் வரைந்த கோயில் படங்களை, உங்களிடம் உள்ள பழைய புகைப்படங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து வர அதுவே போதும். பழைய புகைப்படத்தை மாட்டாதீர்கள். ஸ்கேன் செய்து நல்ல தாளில் அச்சிட்டு மாட்டுங்கள், அசலைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுங்கள். தாளும் துணியும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் தாங்காது. ஜன்னல் வெயில் அதைவிடப் பல மடங்கு.

தஞ்சாவூர் ஓவியங்களுக்கு டர்பனின் ஈரக்காற்றே பெரிய எதிரி. பலகை ஈரத்தில் உப்பி, உலரும்போது சுருங்கும். மேலே உள்ள சுண்ணப் பூச்சும் தங்கத் தகடும் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் விரிசல் விட்டுப் பெயரும். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறு கட்டைகள் வைத்துக் காற்று போக வழி விடுங்கள். ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை வரும். இரவல் வாங்கும் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: வாங்கும்போது இருந்த நிலை, அதன் புகைப்படம், காப்பீடு யார் பொறுப்பு, திருப்பித் தரும் தேதி. மண்டபம் 60 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால், சுவரை இடிப்பதற்கு முன் பாரம்பரியத் துறையின் அனுமதியும் தேவை.

செப்டம்பர் 24 புரட்டாசிக்குள் வருகிறது. விருந்து முழுக்க சைவமாக இருக்கட்டும்; காய்கறி பிரியாணியை டப்பாவில் போட்டு விற்பது நம் ஊரில் என்றும் கைகொடுக்கும் வழி. தொண்டர்களே சமைத்து எப்போதாவது விற்பதால் வரும் வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைக்கும். பரிசுச் சீட்டுக் குலுக்கல் வைப்பதானால் 1997ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் குறுக்கே வரும். தேசிய லாட்டரி ஆணையத்திடம் கேட்காமல் சீட்டு அடிக்க வேண்டாம்.

ஏலத்துக்கு ஓவியர்களிடம் இலவசமாகப் படம் கேட்பதை நான் விரும்பவில்லை. எல்லாச் சங்கங்களும் அவர்களிடமே போகின்றன. விற்ற விலையில் பாதியாவது ஓவியருக்குக் கொடுங்கள், பங்கை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

கண்காட்சிச் செலவுக்கு லாட்டரி ஆணையத்தின் கலை, பண்பாடு, பாரம்பரியப் பிரிவையும் தேசியக் கலை மன்றத்தையும் அணுகலாம். நிறுவனங்களிடம் போகும்போது வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போங்கள். கறுப்பின மக்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கான பி-பிபிஇஇ சட்டத்தில் தங்கள் மதிப்பெண்ணுக்காக, பயன்பெற்றவர்கள் யார் என்ற ஆதாரத்தை அவர்கள் கேட்பார்கள். இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அந்தச் சட்டத்தின் 'கறுப்பின மக்கள்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். அதனால் முதல் சனிக்கிழமையிலிருந்தே பதிவேடு எழுதத் தொடங்குங்கள்.